24 குதிரைச் சக்தியில் மேற்கே

செப்டம்பர் 13, கன்னிசன், கொலராடோ

காலை ஏழு மணிக்கு டென்வரின் தென்மேற்கு விளிம்பிலிருந்து நால்வரும் நான்கு வண்டிகளில் புறப்பட்டோம். பயணத்தை ஒழுங்கு செய்த மதுரைக்காரரிடம் 1250 சிசி பிஎம்டபிள்யூ இருக்கிறது. எங்களுள் மூத்தவரான தூத்துக்குடி அண்ணாச்சியிடம் 650 சிசி சுசூகி. நாலாவது ஆள் எங்கள் தெருவில் குடியிருக்கும் அமெரிக்கர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் சுமந்து ஓய்வு பெற்றவர். அவரோடு சேர்ந்து நரைத்துப்போன ஒரு பழைய ஹோண்டாவை ஓட்டுகிறார். என்னுடையது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி, 24 குதிரைச் சக்தி. சென்னைக்குப் பக்கத்தில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்த வண்டி என்பதால் எனக்கு அதன்மீது ஓர் ஊர்ப்பாசம் உண்டு. அந்தப் பாசம் மேட்டில் ஏற உதவாது என்பது மொனார்க் கணவாயில் தெரிந்துபோயிற்று.

கடல்மட்டத்துக்கு மேலே ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கை இழக்கும் என்பார்கள். மொனார்க்கின் உயரம் 11,312 அடி. அந்தக் கணக்குப்படி உச்சியில் என் 24 குதிரைகளில் பதினாறோ பதினேழோதான் மிஞ்சியிருக்க வேண்டும். கூடாரம், தூக்கப்பை, அடுப்பு, இரண்டு லிட்டர் பிரஷர் குக்கர் ஆகியவற்றோடு என்னையும் சுமந்துகொண்டு அவை மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் மூச்சுவாங்கி ஏறின. பின்னால் நீண்ட வரிசையாகக் கார்கள் சேர்ந்துவிட்டன. இங்கே பெய்யும் மழை ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் பசிபிக்குக்கும் போகிறது என்று அறிவிக்கும் பலகையின்கீழ், மதுரைக்காரர் இருபது நிமிடங்களாகக் காத்திருந்தார்.

அவர் போட்டுவைத்திருந்த அட்டவணைப்படி நாளொன்றுக்கு 400 மைல். இன்று ஓடியது ஏறத்தாழ 200. இரவு அடுப்பைச் சுற்றி இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கொஞ்சம் சூடாகவும் எழுந்தது. நெடுஞ்சாலை ஓய்வு நிலையங்களை மட்டும் பார்ப்பதற்குக் கூடாரம் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டதோடு பேச்சு முடிந்தது, ஆனால் தீரவில்லை.

செப்டம்பர் 14, யூரே, கொலராடோ

மான்ட்ரோஸ் வழியாக யூரேக்கு நண்பகலிலேயே வந்து, ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் வனத்துறை முகாமில் கூடாரங்களை அடித்துவிட்டு, சுமையில்லாமல் சில்வர்டன் வரை போய்த் திரும்பினோம். 1880களில் சுரங்கங்களுக்காக ஓட்டோ மியர்ஸ் வெட்டிய சுங்கப் பாதையின் தடத்தில் இந்தச் சாலை போகிறது. யூரேயிலிருந்து தெற்கே போகும்போது நமக்குரிய தடம் பள்ளத்தாக்கின் பக்கம் அமைகிறது. வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஒரு முழம் தார், அதற்கும் அப்பால் வெறும் காற்று. தடுப்புச்சுவர் பெரும்பகுதியில் கிடையாது. குளிர்காலத்தில் பனியைத் தள்ளிவிட வேறு இடம் இல்லை என்பதும், தடுப்பு வைத்தால் பனி சாலையிலேயே குவிந்துவிடும் என்பதும் காரணமாம். நியாயமான காரணம்தான், வளைவில் அதை நினைத்துப் பார்த்தால் ஆறுதல் கிடைக்கவில்லை.

இந்தச் சாலையில் மட்டும் யாரும் என்னை முந்தவில்லை. 11,018 அடி உயரத்திலுள்ள ரெட் மவுன்டன் கணவாய் வரை மதுரைக்காரர் என் பின்னாலேயே வந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முகாமில் கரடிகளுக்கு அஞ்சி உணவுப்பொருள்களை எல்லாம் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பற்பசையும் சோப்பும்கூட உள்ளே போக வேண்டும். எங்களுடைய பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், பெருங்காய டப்பா ஆகியவற்றைப் பெட்டிக்குள் அடுக்கியதைத் தபால்காரர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெருங்காயத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு, இதைப் பூட்டத் தேவையில்லை, கரடியே பூட்டிவிட்டுப் போய்விடும் என்றார். அப்படிச் சொன்னவர்தான் சாம்பாரை மூன்று முறை கேட்டு வாங்கினார். குக்கரைச் சுமந்து வந்ததற்காக முதலில் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு விடியும்வரை வேகாது.

செப்டம்பர் 15, ஃப்ரூட்டா, யூட்டா

ஏறத்தாழ 300 மைல். நச்சுரீட்டா, பாரடாக்ஸ் பள்ளத்தாக்கு, மோவாப், கிரீன் ரிவர், ஹாங்க்ஸ்வில். காலையில் கையுறைக்குள் விரல்கள் விறைத்தன. பிற்பகலில் தலைக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. சட்டையை நீரில் நனைத்து மேலங்கிக்குள் அணிந்துகொண்டால் அரை மணி நேரத்துக்குக் குளிர்ச்சி. பிறகு உப்புக் கோடுகள் மட்டும். களைப்பு மிகுதி. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 16, ஃப்ரூட்டா

இன்று வண்டிகளைத் தொடவில்லை.

சிவந்த பாறைச்சுவர்களுக்கு நடுவே, ஃப்ரிமான்ட் ஆற்றங்கரையில் பச்சைப் பசேலென்று ஒரு தோப்பு. 1880களில் குடியேறிய மார்மன் குடும்பங்கள் ஆற்றுநீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சி வைத்த மரங்கள் இவை. எந்தக் காலத்திலும் ஒரு பத்துக் குடும்பங்களுக்கு மேல் இங்கே வாழ்ந்ததில்லை. 1971இல் இப்பகுதி கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவாக ஆனபின்னும், பூங்கா நிர்வாகம் ஆப்பிள், பேரி, பீச், செர்ரி என ஏறத்தாழ 1,900 மரங்களை இன்றுவரை நீர் பாய்ச்சிப் பராமரித்துவருகிறது. பழுத்த தோப்பின் வாயிலில் அனுமதிப் பலகை தொங்கும். உள்ளே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் தராசில் நிறுத்து, உரிய காசைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். காவலுக்கு ஆள் இல்லை. தேனி மாவட்டத்துத் தோப்புகளில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த எனக்கு, தோப்புக்காரர் விரட்டாமல் பழம் தின்பது ருசியைச் சற்றுக் குறைத்தது என்றே சொல்ல வேண்டும்.

துணி துவைத்தோம். நான்கு செயின்களுக்கும் எண்ணெய் விடுவதாகத் தொடங்கினேன். ஹோண்டாவுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் செயின் இல்லை என்று அவற்றின் உரிமையாளர்கள் நினைவூட்டினார்கள். மாலையில் கூடாரங்களுக்கு இடையே மான்கள் வந்து, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்தன. மதுரைக்காரர் கைப்பேசியில் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தார். பசிபிக் கடற்கரை என்ற வரி இன்னும் அதில் இருக்கிறது.

செப்டம்பர் 17, எஸ்கலான்டே, யூட்டா

80 மைல்கூட ஓட்டவில்லை, முழுநாள் ஆயிற்று.

யூட்டாவின் 12ஆம் எண் சாலை டோரியில் தொடங்கி போல்டர் மலையின் மேல் 9,600 அடி வரை ஏறுகிறது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. எல்லா மரங்களும் அல்ல, ஒரு கூட்டம் பொன்னாகவும் அடுத்த கூட்டம் பச்சையாகவும் இருந்தன. ஒரே வேரிலிருந்து கிளைத்த மரங்கள் ஒன்றாகவே நிறம் மாறுமாம். வளைவுகளில் பசுமாடுகள் நின்றன. அவை சாலையில் வண்டிகளை எதிர்பார்ப்பதில்லை. நாம்தான் அவற்றை எதிர்பார்க்க வேண்டும். இந்த ஒரு கலையில் மட்டும் எனக்கும் அண்ணாச்சிக்கும் சிறு வயதிலிருந்தே பயிற்சி உண்டு.

போல்டர் என்ற சிற்றூரில் தபால்காரர் வண்டியை நிறுத்தினார். ஒழுங்கான சாலை இல்லாத காரணத்தால் 1930களிலும்கூட இவ்வூருக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் தபால் வந்தது. அவர் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே இதற்காகத்தான் என்பது இன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தபால் நிலையத்தில் தன் மனைவிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டார். கழுதைகளின் வேகம் என்ன என்று மதுரைக்காரர் வேடிக்கையாகக் கேட்க, அவர் என் வண்டியைக் காட்டினார்.

ஊரைத் தாண்டியதும் ஹாக்பேக் என்னும் முகடு வருகிறது. சாலையின் அகலமே முகட்டின் அகலம். இடமும் வலமும் நிலம் சரிந்து இறங்கிவிடுகிறது. பக்கவாட்டுக் காற்றில் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரைத் தவிர ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 19, வீலர் சிகர முகாம், நெவாடா

சிக்னல் கிடைக்காததால் இரண்டு நாள்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்று மில்ஃபோர்டில் டாங்கை நிரப்பிக்கொண்டு யூட்டா 21இல் மேற்கே திரும்பினோம். அங்கிருந்து நெவாடா எல்லை வரை எண்பது மைலுக்கு மேல் பெட்ரோல் இல்லை, வீடும் ஏறத்தாழ இல்லை. ஒரு மலைத்தொடரைக் கடந்தால் ஒரு வறண்ட சமவெளி, அதைக் கடந்தால் இன்னொரு மலைத்தொடர். இங்கே விழும் மழைநீர் எந்தக் கடலுக்கும் போவதில்லை. உள்ளேயே தேங்கி, உள்ளேயே வற்றிவிடுகிறது. மொனார்க் பலகையில் பார்த்த இரு கடல் கணக்கு இங்கே செல்லாது.

எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிற்று. தபால்காரரின் தலைக்கவசம் பின்னிருக்கையிலிருந்து தலைக்கு ஏறிற்று. கொலராடோவிலும் யூட்டாவிலும் பெரியவர்களுக்குக் கவசம் கட்டாயமில்லை, நெவாடாவில் கட்டாயம். சட்டத்தை ஒரு நூல்கூட மீறாத மனிதர், மண்டையைப் பற்றி மட்டும் இப்படி மாநிலத்துக்கு மாநிலம் கருத்து மாற்றிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. சொல்லியும் பார்த்தேன், புன்னகைத்தார்.

முகாம் ஏறத்தாழ 10,000 அடியில் இருக்கிறது. இரவில் பாட்டில் தண்ணீரின்மேல் பனி ஏடு படர்ந்தது. எரிவாயுக் குப்பி குளிரில் அழுத்தம் இழந்து, காலையில் அடுப்பு அகல்விளக்கு அளவுக்கே எரிந்தது. இனி குப்பியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுப்பது என்று அண்ணாச்சி முடிவு செய்திருக்கிறார்.

இன்று முழுவதும் நடை. மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு அருகே, உடைந்த பாறைக் குவியலில் பிரிசில்கோன் பைன்கள் நிற்கின்றன. முறுக்கிப் பிழிந்த துணி போன்ற உடல். பெரும்பகுதி பட்டுப்போய், ஒரு பக்கம் மட்டும் கையகலப் பட்டை உயிரோடு ஓடி, உச்சியில் ஒரு கொத்துப் பசுமையைத் தாங்குகிறது. மண்ணும் நீரும் குறைவாக இருப்பதால் மிக மெதுவாக வளர்கின்றன. அதனால் மரம் இறுகிப் பிசினேறி, பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் நிற்கிறது. 1964இல், இது தேசியப் பூங்காவாவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஆய்வு மாணவர் ஒருவர் வனத்துறையின் அனுமதியோடு இங்கே ஒரு மரத்தை வெட்டினார். வெட்டி எண்ணிப் பார்த்தபோது 4,800 வளையங்களுக்கும் மேல் இருந்தன. அவ்வளவு வயதான வேறு மரம் எதையும் அன்று யாரும் எண்ணியிருக்கவில்லை.

மதுரைக்காரர் அந்த மரக்கூட்டத்தில் எங்களைவிட நெடுநேரம் இருந்துவிட்டு, இருட்டியபின் டார்ச் வெளிச்சத்தில் இறங்கி வந்தார். சாப்பிடும்போதும் ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 20, ஆஸ்டின், நெவாடா

1986 ஜூலையில் லைஃப் இதழ் அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று பெயர் சூட்டிய நெடுஞ்சாலை 50இல் இன்று நாள் முழுதும் ஓடினோம். அந்த இதழ் எச்சரிக்கையாகச் சொன்னதை நெவாடாக்காரர்கள் விளம்பரமாக்கிக்கொண்டார்கள். இப்போது ஊருக்கு ஊர் முத்திரை குத்தித் தருகிறார்கள். ஈலியிலிருந்து யூரீகாவுக்கு 77 மைல், அங்கிருந்து ஆஸ்டினுக்கு 70.

அந்த 70இல் பாதி தாண்டியிருக்கும். என் வண்டியின் பின்பக்கம் படகு போல ஆடியது. பின் டயரில் காற்று இல்லை. மற்ற மூவருக்கும் டியூப் இல்லாத டயர்கள்; ஒரு குச்சியைச் செருகி ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். ஹிமாலயனின் கம்பிச் சக்கரத்துக்குள் டியூப். நல்லவேளையாக வண்டிக்கு நடு ஸ்டாண்டும், பையில் மாற்று டியூபும் இருந்தன.

சக்கரத்தைக் கழற்றிவிட்டோம். ஆனால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நகர மறுத்தது. அண்ணாச்சி சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, தன் சுசூகியின் பக்க ஸ்டாண்டை அதன் விளிம்பில் ஊன்றி, வண்டியின் பாரத்தை மெல்ல அதன்மேல் சாய்த்தார், பொட்டென்று விட்டுக்கொண்டது. லீவர் போட்டு டியூபை உருவியதும் நான் புதியதை எடுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, முதல்ல டயருக்குள்ள விரல விட்டுத் தடவிப் பாரும். குத்துனவன் இன்னும் உள்ளதான் இருப்பான்."

இருந்தான். வெடித்துச் சிதறிய லாரி டயரிலிருந்து கிளம்பிய, நகக்கண் நீளம்கூட இல்லாத எஃகுக் கம்பி. அதைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டிருந்தால் அடுத்த மைலிலேயே மறுபடி அமர்ந்திருப்பேன். புதிய டியூபுக்குக் கொஞ்சம் காற்றடித்து உருட்சி கொடுத்த பிறகே உள்ளே வைக்கச் சொன்னார். லீவருக்கும் ரிம்முக்கும் இடையில் அது கடிபடாமல் இருக்க. பள்ளிக்கூடத்து நாள்களில் மாமாவின் பங்க்சர் கடையில் இருந்தவராம். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எங்களிடம் சொல்லாத செய்தி.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்நேரத்தில் பதினோரு வண்டிகள் கடந்தன, எட்டு நின்றன. தண்ணீர் வேண்டுமா, கருவி வேண்டுமா, ஆஸ்டினில் யாருக்காவது சொல்லவேண்டுமா. டென்வர் நெடுஞ்சாலையில் இதே இடர் நேர்ந்திருந்தால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மதுரைக்காரர் என் சக்கரத்துக்குக் குடை பிடிப்பது போல வெயிலை மறைத்து நின்றுகொண்டே இருந்தார். ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை.

செப்டம்பர் 21, ஃபாலன், நெவாடா

110 மைல். வழியில் சாண்ட் மவுன்டன். 600 அடி உயர மணல்மேடு, சமவெளியில் தனியாக யாரோ கொட்டிவிட்டுப் போனது போல நிற்கிறது. அதன் அடிவாரத்தில், மணலுக்குள் புதைந்து கிடந்து 1976இல் தோண்டியெடுக்கப்பட்ட போனி எக்ஸ்பிரஸ் நிலையத்தின் கருங்கல் சுவர்கள் இடுப்பளவுக்கு எஞ்சியிருக்கின்றன. 1860 ஏப்ரலில் தொடங்கி, தந்திக் கம்பி நாட்டைக் கடந்ததும் 1861 அக்டோபரில் நின்றுபோன குதிரைத் தபால். மிசூரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து சாக்ரமென்டோவுக்கு ஏறத்தாழ 1,900 மைல். பத்து மைல், பதினைந்து மைலுக்கு ஒரு புதுக் குதிரை.

தபால்காரர் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூரையில்லாத அறைகளுக்குள் ஒவ்வொன்றாகப் போய் வந்தார். கடிதம் பிரிக்க இடம் போதாது என்று ஒரு தீர்ப்புச் சொன்னார். பிறகு, அந்தக் குதிரைகள் முழுத் தூரத்தையும் கடக்க எத்தனை நாள் எடுத்துக்கொண்டன என்று மதுரைக்காரர் கேட்டார். ஏறத்தாழ பத்து நாள். நாம்? ஒன்பது நாளில் 1,300 மைல். நால்வரும் என் வண்டியைத் திரும்பிப் பார்த்தோம்.

ஃபாலனில் சாலையோரக் கடையில் முலாம்பழம் வாங்கி, அண்ணாச்சியின் பேனாக்கத்தியால் அரிந்து, வண்டி இருக்கைமேல் வைத்துத் தின்றோம். இந்த ஊர் அதற்குப் பெயர்போனது. கடற்கரைக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம்தான். ஆனால் எனக்கும் தபால்காரருக்கும் விடுப்பு அதற்கு இடம் தராது, அவருக்கு விடுப்பு கொடுப்பவர் அவர் மனைவி. மற்ற இருவரும் நாளை சாக்ரமென்டோ போகிறார்கள். பிரஷர் குக்கரை அவர்களிடமே கொடுத்துவிடச் சொல்லி மதுரைக்காரர் கேட்டிருக்கிறார். பருப்பையும் பெருங்காயத்தையும் அவர் பையில் மாற்றி வைத்துவிட்டேன். செயினுக்கு எண்ணெய் விட்டாயிற்று.