சாந்தோ தொமிங்கோ பேராலயம்: மேற்கு வாசலில் தொடங்குங்கள்

டொமினிக்கன் குடியரசின் தலைநகருக்குப் போகிற பலர், கொலம்பஸ் பூங்காவிலிருந்து வடக்கு வாசல் வழியே பேராலயத்துக்குள் நுழைந்து, அப்படியே திரும்பிவிடுகிறார்கள். மேற்கு முகப்பு கண்ணில் படாமலே போகிறது. முதலில் அங்கே போய் நில்லுங்கள், முடிந்தால் பிற்பகலில். மேற்கே சாயும் வெயில் நேராக விழும்போது, பவளச் சுண்ணாம்புக்கல் பொன்னிறமாகத் தெரியும்.

முகப்பின் இரட்டை வளைவு மறுமலர்ச்சிக் காலத்தது. உள்ளே போனால் அதற்கு முந்தைய கோத்திக் பாணி விலா வளைவுக் கூரை. பணி 1520களில் வேகம் பிடித்து 1540 வாக்கில்தான் முடிந்தது. அதற்குள், இதைக் கட்டிய ஸ்பெயினில் கட்டடக்கலை ரசனையே மாறிவிட்டது. மணிக்கோபுரம் கடைசிவரை முழுமையாகவில்லை.

திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் 1511இல் இந்த மறைமாவட்டத்தை, அதாவது ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதியை, நிறுவினார். இங்கே வந்து தங்கிய முதல் ஆயர் அலெசாந்திரோ ஜெரால்தினி. அவருடைய கல்லறை இங்குள்ள சிற்றாலயம் ஒன்றில் இருக்கிறது. 1546இல் இது பேராயரின் ஆலயமாயிற்று, 1920இல் திருத்தந்தை சிறப்புத் தகுதி தரும் பசிலிக்கா.

1586 ஜனவரியில் ஆங்கிலேயக் கடற்தளபதி பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்து, ஏறக்குறைய ஒரு மாதம் தங்கினார். பேராலயமும் சூறையாடப்பட்டது. 25,000 டியூகட் பொற்காசு மீட்புப் பணம் வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார். ஆகவே உள்ளே பழைய வெள்ளிப் பொருள்களைப் பார்க்கும்போது, எது டிரேக்குக்கு முந்தையது, எது பிந்தையது என்று வழிகாட்டியிடம் கேட்பது நல்லது.

கொலம்பஸின் கல்லறையைத் தேடி அலையாதீர்கள். அவருடையதென்று கருதி இங்கே வைத்திருந்த எலும்புகளை 1795இல் கியூபாவின் ஹவானாவுக்குக் கொண்டுபோனார்கள். 1898இல் அவை அங்கிருந்து ஸ்பெயினின் செவில்லுக்குப் புறப்பட்டன. 1877இல் இங்கே அவர் பெயர் பொறித்த, எலும்புகள் இருந்த ஈயப்பெட்டி ஒன்று கிடைக்கவே, எவை உண்மையில் அவருடையவை என்ற சர்ச்சை கிளம்பியது. அந்தப் பெட்டியும் 1992இல் ஓசாமா ஆற்றுக்கு அப்பாலுள்ள கொலம்பஸ் கலங்கரை விளக்கத்துக்குப் போய்விட்டது. செபிக்க வருகிறவருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். கரீபிய வெயிலுக்கு அரைக்கால் சட்டையோடு வருகிறவர்கள் வாசலிலேயே தடுக்கப்படலாம். மெல்லிய துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க நினைக்காதீர்கள். அன்றைய நேரத்தை வாசலில் கேட்டுக்கொண்டு, பலியில் பங்கேற்றபின் சிற்றாலயங்களைப் பாருங்கள். பேராலயம் மனித அவதார அன்னைக்கு உரியது என்பதால், இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாவுக்கு அறிவித்ததை நினைவுகூரும் மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25இல் வர முடிந்தால் இன்னும் பொருத்தம்.