இரண்டு கட்டை நாதஸ்வரமும் 48000 ஹெர்ட்ஸும்

திருகோணமலையில் கோணேசர் கோயில் திருவிழாவின்போது முன்பு பதிந்த நாதஸ்வரக் கசெட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. மூன்றாவது கசெட்டில் சிக்கல். 90 நிமிடக் கசெட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்; கோப்போ 41 நிமிடம் 20 செக்கனில் முடிகிறது. இரண்டு கட்டை (சுருதியின் அளவு) நாதஸ்வரம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில், சுருதிப்பெட்டியோடு ஒட்டாமல் கேட்கிறது.

பிளேயரின் பெல்ட் தளர்ந்தோ இறுகியோ ஓட்டம் பிசகினால் நூற்றுக்கு இரண்டு மூன்று மாறும். இங்கே வேகம் கூடியது நூற்றுக்கு 8.8. ஒலியைச் செக்கனுக்கு எத்தனை சாம்பிளாக (துண்டாக) அளப்பது என்பதுதான் ரேட்; வழக்கமான இரண்டு ரேட்டுகளில் 48000ஐ 44100ஆல் வகுத்தாலும் அதே கணக்குத்தான். பெல்ட்டில் கை வைக்கவில்லை.

சோதனை: போனில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கசெட்டைப் பதிந்த அதே யூஎஸ்பி சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் (ஒலி உள்ளே போகும் துளை) வயரால் கொடுத்து 10 செக்கன் பதிவு. போனின் சத்தம் பாதிக்குக் கீழே. பதிவு மென்பொருளான ஒடாசிட்டியில், எந்த ஹெர்ட்ஸில் ஒலி கூடுதல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் உச்சி 1088இல் நின்றால், கார்ட் 44100இல் அனுப்புவதை மென்பொருள் 48000 என்று எழுதிக்கொள்கிறது. 919 என்றால் தலைகீழ். 1000 என்றால் குற்றம் பிளேயரில்தான். வந்தது 1088.

விண்டோஸில் சவுண்ட் → ரெக்கோர்டிங் → புரோப்பர்டீஸ் → அட்வான்ஸ்டில் 44100 வைத்து, எக்ஸ்குளூசிவ் அனுமதியின் (ஒரு மென்பொருள் கார்டைத் தனக்கே எடுத்துக்கொள்ள விடுவது) சரி அடையாளத்தை எடுத்தாயிற்று. ஒடாசிட்டியின் புரொஜெக்ட் ரேட்டும் 44100. மென்பொருளை மூடி, கார்டைக் கழற்றிச் செருகிவிட்டுத் திறந்தால்தான் மாற்றம் ஏறியது. மறுபடி பதிந்தபோது உச்சி 1000.

ஏற்கெனவே பதிந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான்: மேலே டிராக்ஸ் மெனுவில் உள்ள ‘ரீசாம்பிள்’ சுருதியைக் காப்பாற்றிக்கொண்டே சாம்பிள்களைப் புதிதாகக் கணக்கிடும், பிழையும் பத்திரமாக இருக்கும். தேவை, டிராக்கின் பெயரை அழுத்தினால் விரியும் பட்டியலில் உள்ள ‘ரேட்’. அது சாம்பிள்களைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றும். 44100 என்றதும் 45 நிமிடம் திரும்பியது, நாயனமும் இரண்டு கட்டையில் இறங்கி உட்கார்ந்தது.

இன்னும் இடைக்கிடை ‘கிறீச்’. இது ரேட்டின் வேலை இல்லை. பிளக்கை விரலால் திருப்பினால் கூடிக் குறைகிறது. கடற்கரை வீடென்றால் உப்புக்காற்றில் ஜாக் பச்சை பிடிக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டிருக்கிறது. நாலாவது கசெட் நாளைக்கு.