மூடிய பகுதிக்குப் போன கேள்வி

"வாங்கும்போது இந்தக் கட்டடத்துக்கு மதிப்புச் சொன்னது யார்? விற்கும்போது சொன்னது யார்? நடுவே என்ன மாறியது?" இங்கிலாந்தில் எங்கள் கவுன்சிலின் முடிவுகளைத் துருவிப் பார்க்கும் ஸ்க்ரூட்டினி கமிட்டியின் திறந்த கூட்டத்தில் கேட்பதற்காக, அதன் தலைவருக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது. கவுன்சில் கடனில் வாங்கி, வாடகைக்கு விட்டு, இப்போது விற்கும் கட்டடம் அது. கூட்டத்துக்கு முந்தின நாள் சொத்துப் பிரிவுத் தலைவர் போன் செய்தார்.

"கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் இன்னும் இரண்டு பேர் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் மதிப்பீடு வெளியே தெரிந்தால் அதற்கு மேல் ஒரு பவுண்டு தரமாட்டார்கள்."

மதிப்பீட்டு எண்ணை விட்டுவிட்டுக் கேட்கலாமே என்றேன்.

"எண்ணைச் சொல்லாவிட்டால் எல்லாரும் அதைத்தான் ஊகிப்பார்கள்" என்றார்.

எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. கேள்வியைப் பிங்க் பேப்பர் பக்கத்துக்கு, அதாவது பொதுமக்களுக்குக் காட்டாத மூடிய பகுதிக்கு, மாற்றினேன்.

சட்டப்படி பார்த்தால் அவர் பக்கம் பலமானது. 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, நிலத்தை விற்றால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிக நல்ல விலைக்கு விற்கச் சொல்கிறது. அதைக் கெடுத்தது ஒரு கேள்வி என்று ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பது? அதே சட்டத்தின் 12ஏ அட்டவணை, வியாபார விவரங்களை மூடிய கூட்டத்துக்குக் கொண்டுபோக விடுகிறது. ஆனால் மறைப்பதில் உள்ள பொதுநலன், சொல்வதில் உள்ளதை விடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தராசை அன்று யாரும் கையில் எடுக்கவில்லை, நான் உட்பட. மறைப்பதில்தான் பொதுநலன் கூடுதல் என்ற வழக்கமான வாசகம் அறிக்கையின் தலைப்பில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

கூட்டத்தின் திறந்த பகுதியில் கூரைப் பழுது, கார் பார்க் கட்டணம் எல்லாம் விரிவாகப் பேசினார்கள். பொதுமக்கள் வெளியே போனபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. தலைவர் என் கேள்வியை வாசித்தார். சந்தை மாறிவிட்டது என்று பதில் வந்தது. அப்புறம் வாடகை. இத்தனை வருஷம் வந்த வாடகையைக் கழித்தால் இது நஷ்டமே இல்லை என்றார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் கட்டடம் கைமாறினாலும் கடன் தானாகக் கைமாறாது. விற்ற பணம் அசலுக்குப் போதாவிட்டால் மிச்சத்தை வருஷாவருஷம் பட்ஜெட்டிலிருந்துதான் எடுத்துவைக்க வேண்டும். அதைப் பற்றி ஒருவர் வாயெடுத்தார், நேரமாகிவிட்டது. குறிப்பேட்டில் ஒரே வரி: "அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது."

எங்கள் கதை ஒன்றும் தனிக் கதை அல்ல. 2016-17 முதல் மூன்று நிதியாண்டுகளில் இங்கிலாந்துக் கவுன்சில்கள் வணிகச் சொத்துகளில் சுமார் 660 கோடி பவுண்டு போட்டதாகத் தேசிய தணிக்கை அலுவலகம் 2020 பிப்ரவரியில் சொன்னது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளைப் போல 14 மடங்குக்கும் மேல். மத்திய அரசின் மானியம் சுருங்கியது, கவுன்சில்களுக்கு அரசுக் கடன் தரும் பொதுப்பணிக் கடன் வாரியத்தில் வட்டி மலிவு. வாங்காதவர்தான் அசடு என்ற காலம் அது. சின்னஞ்சிறு ஸ்பெல்தோர்ன் கவுன்சில், சன்பரியில் உள்ள பிபி எண்ணெய் நிறுவன வளாகத்தில் ஆரம்பித்து மொத்தம் ஏறக்குறைய 100 கோடி பவுண்டு கடன் வாங்கியது. குரோய்டன் கவுன்சில் 2018ல் ஒரு ஹோட்டலை ஏறத்தாழ 3 கோடிக்கு வாங்கியது. 2020ல் அதை நடத்திய நிறுவனம் நொடித்துப்போனது; கட்டடத்தைக் கடைசியில் சுமார் 2.5 கோடிக்குக் கொடுத்தார்கள். முக்கியமாக வருமானத்துக்காகச் சொத்து வாங்கும் கவுன்சில்களுக்கு இனி அந்த வாரியக் கடன் இல்லை என்று 2020 நவம்பரில் அரசு கதவைச் சாத்தியது.

போன் செய்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டது அந்த வாரத்துக்குச் சரி. என்னை உறுத்துவது வேறு. இதே கட்டடத்தை வாங்கிய காலத்து அறிக்கையைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அதுவும் பிங்க் பேப்பர். விஷயம் வெளியே தெரிந்தால் இன்னொருவர் கூடுதல் விலை சொல்லிவிடுவார் என்பது அப்போதைய காரணம். வாங்கும்போது போட்டியாளரை நினைத்துப் பயம், விற்கும்போது வாங்குபவரை நினைத்துப் பயம். வாய்விட்டுப் பேசலாம் என்றிருந்த நடு வருஷங்களில் தீர்மானிக்க எதுவும் இல்லாததால் யாருமே கேட்கவில்லை.

அதிலும், வாங்க வருபவர்களிடம் அவர்களுடைய மதிப்பீட்டாளர்கள் இல்லையா என்ன? நாங்கள் கொடுத்த விலை நிலப் பதிவேட்டிலேயே இருக்கிறது. சில பவுண்டு கட்டினால் யாரும் பார்க்கலாம். அப்படியானால் அன்று காப்பாற்றியது விலையையா, விலை சொன்னவர்களையா? இரண்டையும் என்று தோன்றுகிறது. எவ்வளவு எதற்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

நாளைக்கே அதே காரணத்தோடு போன் வந்தாலும் மாற்றித்தான் கொடுப்பேன். ஆனால் எந்தத் தேதியில் அந்தப் பக்கம் திறக்கப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்வேன். இதைத் தலைவரிடம் சொன்னேன். "நல்ல யோசனை, ஆனால் தேதியை மே மாதத் தேர்தலுக்கு முன்னால் வாங்கிக் கொடுங்கள்" என்றார். சொத்துப் பிரிவில் கேட்டேன். விற்பனை முழுவதும் முடிந்து, கணக்கு தணிக்கையான பிறகு பார்க்கலாம் என்றார்கள்.