பாண்டியனை இரண்டு காதைகளில் படிக்க வேண்டும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படித்த மாணவர்களிடம் பாண்டியன் நெடுஞ்செழியனின் பண்பை விளக்கச் சொன்னால், ‘நீதி தவறியதை உணர்ந்து உயிர்விட்ட மன்னன்’ என்ற விடையே பெரும்பாலும் வருகிறது. அது பிழையன்று, ஆனால் பாத்திரத்தின் பாதி மட்டுமே.

மற்றப் பாதி கொலைக்களக் காதையில் இருக்கிறது. ஊடிய தேவியைக் காண விரையும் வேளையில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன், தேவியின் சிலம்பைத் திருடியவன் என்று கோவலனைக் குறித்துச் சொன்ன சொல்லை ஆராயாமல் நம்பி, கள்வனின் கையில் சிலம்பு இருந்தால் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்று அவன் காவலருக்கு ஆணையிடுகிறான். அதே மன்னன், கண்ணகியின் சிலம்பிலிருந்து, தேவியின் சிலம்பில் உள்ள முத்துக்கு மாறாக, மாணிக்கம் தெறித்ததைக் கண்டதும், பொற்கொல்லன்மீது பழியைப் போட்டுத் தப்பாமல், அவன் சொல்லைக் கேட்ட தன்னையே குற்றவாளியாக்கி, ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான். பிறனுக்குத் தீர்ப்பளித்தபோதும் தனக்குத் தீர்ப்பளித்தபோதும் அவன் தாமதிக்கவே இல்லை. இளங்கோவடிகள் படைத்த இந்த ஒற்றுமையை மாணவர் தாமே கண்டறிவதுதான் பாத்திர ஆய்வு என்பது என் உறுதியான எண்ணம்.

கருப்பொருளுக்கும் இதுவே பொருந்தும். நூலின் முன்னுரையான பதிகம் கூறும் மூன்று உண்மைகளையும் மாணவர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்றால், மன்னனின் பிழை எந்த அடியில் தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை தேடும் மாணவர் பொற்கொல்லன் பேசும் இடத்துக்குத் திரும்பிச் சென்றே தீர வேண்டும்.