க்ளோ டி வூஜோ அட்டை மாதிரி: வரிசைகளைப் பிடுங்கிய வாரம்

என் அட்டை மாதிரியில் போன வாரம் ஒட்டிய திராட்சைக் கொடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டேன். நாற்பது வரிசை, ஸ்கேல் வைத்து ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டியவை. கை வரவில்லைதான். ஆனாலும் நான் மாதிரியில் காட்டுகிற காலத்தில் அந்தத் தோட்டத்தில் வரிசையே கிடையாது.

பிரான்சின் பர்கண்டியில் இருக்கும் க்ளோ டி வூஜோ மாளிகையை 1:200 அளவில் அட்டையில் செய்துவருகிறேன். 1098இல் தோன்றிய சீத்தோ என்ற கிறிஸ்தவ மடத்தின் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலம் சேர்த்து உண்டாக்கிய திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது அது. சுற்றுமதில் 1336இல் முடிந்தது. உள்ளே சுமார் 50 ஹெக்டேர். முழுவதையும் செய்தால் பலகை மூன்றரை மீட்டருக்குப் போகும். அதனால் மாளிகையும் அதை ஒட்டிய ஒரு துண்டுத் தோட்டமும் மட்டும்.

நான் எடுத்துக்கொண்டது 1551ஐ ஒட்டிய காலம். மடாதிபதி டோம் ழான் லுவாசியே மாளிகையைக் கட்டியது அப்போதுதான். இன்று படங்களில் பார்க்கும் நேர்வரிசைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்செரா பூச்சி வேர்களைத் தின்று தீர்த்தபின், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை வரிசையாக நட்டார்கள். அதற்கு முன்பு பதியம் போடுவதுதான் வழக்கம். வயதான கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் வேர்விட்டுப் புதுக்கொடி ஆகிவிடும். இடம் கிடைத்த பக்கம் வளைப்பார்கள் என்பதால், சில தலைமுறையில் கோடெல்லாம் கலைந்து தோட்டம் ஒரே கூட்டமாகிவிடும். இன்று ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கொடி. அன்று அதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும்.

சரி, கூட்டத்தை எப்படிக் காட்டுவது? அந்தக் கொடிகள் தனித்தனிக் கொம்பில் நின்றவை. அந்தக் கொம்புக்கு ஈர்க்குச்சி ரொம்பத் தடிமன். கடைசியில் தேங்காய் நார்தான் கைகொடுத்தது. ஆறு மில்லிமீட்டராக வெட்டி, குண்டூசியால் குத்திய துளையில் ஒவ்வொன்றாக நட்டு, நுனியில் பெவிகால் தொட்டு, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூளைத் தூவினேன். மூன்று மாலைகளில் உள்ளங்கை அளவுதான் முடிந்திருக்கிறது. ஆனால் அந்த உள்ளங்கை அளவு அச்சு அசலாக இருக்கிறது.

கட்டடங்களை அவை எழுந்த வரிசையிலேயே ஒட்டுகிறேன். முதலில் 12ஆம் நூற்றாண்டு ஒயின் கிடங்கு, பிறகு திராட்சை பிழியும் கூடம், கடைசியில் மாளிகை. இங்கே வேலை முதலில் வந்தது, மாளிகை நானூறு வருடம் கழித்து. அப்படி ஒட்டும்போதுதான் மாளிகை பழைய கட்டடங்களோடு எப்படிச் சேர்கிறது என்று கைக்குப் புரிந்தது. கூடத்தின் நான்கு மூலையிலும் பிரம்மாண்டமான மர நெம்புகோல் பிழிபொறிகள் இன்றும் நிற்கின்றன. அவற்றை மறைக்க மனமில்லாமல் கூடத்தின் கூரையைத் தனியாகக் கழற்றும்படி வைத்தேன். ஒரு பொறி முடிந்தது. ஐஸ்கிரீம் குச்சியை நான்காகப் பிளந்து, உப்புத்தாளில் தேய்த்து, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய ஓக் மரத்தின் நிறம் வந்துவிடுகிறது.

மாளிகையைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். வரைபடம் போட்ட துறவி பெருமைப்பட்டாராம். மடாதிபதி அதை வேறொருவரிடம் கொடுத்துப் பிழைகளைச் சேர்க்கச் சொல்லி, அப்படியே கட்டவைத்தாராம். கதைதான், ஆனாலும் ஜன்னல்களை வெட்டும்போது அந்தத் துறவியின் நினைவு வந்துகொண்டே இருந்தது.

பிரெஞ்சுப் புரட்சியில் தோட்டம் மடத்தின் கையைவிட்டுப் போனது. இப்போது ஏறத்தாழ எண்பது பேருக்குச் சொந்தம். மாதிரியில் அது வராது.

அடுத்து சரிவு. மாளிகை இருக்கும் மேற்குப் பக்கம் மேடு, கிழக்கே சாலையோரம் நீர் தேங்கும் களிமண். என் பலகை இன்னும் தட்டையாக இருக்கிறது. மீதி நாரை நடும் முன் அடியில் அட்டை கொடுத்து மேற்கைத் தூக்கவேண்டும்.