ஊறுகாய்ச் சாடிக்குள் இலக்கம் 27

கல் சேர்ப்பதை ஒரு பொழுதுபோக்கு என்று எங்கள் வீட்டில் இன்றுவரை எவரும் ஒப்புக்கொண்டதில்லை. திருகோணமலையில் காலையில் கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் காற்சட்டைப் பை இரண்டும் கனக்கத் திரும்புவேன். பீங்கான் கோப்பைகளை அடுக்குவதற்காக மனைவி ஆசையோடு வாங்கிய கண்ணாடி அலுமாரியின் மூன்று தட்டுகளில் இரண்டு என் கற்களிடம் போய்விட்டன. ஜாம் போத்தல் ஒன்றில் புல்மோட்டைக் கறுப்பு மண் இருக்கிறது. வலுவான காந்தத்தைப் போத்தலின் வெளிப்புறம் பிடித்தால் இல்மனைற்று என்ற கனியத்தின் மணிகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மேலேறும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் பிடித்த காட்சி. மாமி வீட்டுக் கிணறு வெட்டியபோது கிளம்பிய, சிப்பி பதிந்த யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லும் ஒன்று உண்டு. அது பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்து உயிர்ச்சுவடு என்று நான் விளக்கியபோது, அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கல்லை வண்டி வண்டியாக மதில் கட்டக் கொடுத்தோம் என்று மாமி சொல்லிவிட்டார். முருகைக்கல் மட்டும் என்னிடம் ஒரு துண்டும் இல்லை. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகிவிட்ட புறாத்தீவின் பக்கம் போனால் பைகளை வெறுமையாக வைத்துக்கொண்டுதான் திரும்புவேன்.

தமிழர்களில் எவராவது இப்படிக் கல் பொறுக்கியது உண்டா என்று மனைவி ஒருமுறை கேட்டார். கலை வரலாற்றாளராகப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதையும், இலங்கையின் கனிய ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதையும், இலங்கையில் கிடைத்த செரண்டிபைட் என்ற அரிய கனியத்தை 1903இல் பிரையர் என்பவரோடு சேர்ந்து விவரித்தவர் என்பதையும் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "அவருக்கு அதற்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு மனைவி அரிசி களையப் போய்விட்டார்.

கல்லுக்கு என்ன பராமரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்பது அவருடைய அடுத்த கேள்வி. இந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றினாலும் நியாயம் இல்லை. மோஸ் என்பவர் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவில் கல்சைட் என்ற கனியத்துக்கு 3, படிகக்கல்லுக்கு 7. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினால் கல்சைட்டின் முகம் முழுவதும் கீறலாகிவிடும். ஒருமுறை பொன்போல மினுங்கிய, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் துண்டொன்றை ஜன்னலோரம் வைத்திருந்தேன். எங்கள் ஊரின் ஈரக்காற்றில் அது மெல்ல மெல்லப் பொடிந்து, அதில் ஊறிய அமிலம் தன் பெயர்த்துண்டையே தின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லிலும் மறைவான ஒரு மூலையில் மனைவியின் வெள்ளைக் கியூட்டெக்ஸை ஒரு பொட்டளவு பூசி, அது காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையால் இலக்கம் எழுதி, பதிவேட்டில் பெயர், எடுத்த இடம், நிறை, வைத்திருக்கும் இடம் என்று நிரல் பிரித்துக் குறித்து வருகிறேன். நான் தொழிலால் கணக்காளன். நிரல் இல்லாத பதிவேட்டைப் பார்த்தால் எனக்குக் காய்ச்சல் வரும்.

இலக்கம் 27 என் அலுமாரியின் அரசன். மாத்தளையில் இருக்கும் நண்பர் ஒருவர் தந்த, கண்ணாடிபோல் தெளிந்த கல்சைட் அது. சவர்க்காரக் கட்டியளவு, நிறை 212 கிராம். செங்கட்டி ஒன்றை யாரோ ஒரு பக்கம் சாய்த்து நசுக்கியதுபோன்ற சாய்சதுர வடிவம் அதற்கு. கல்சைட் எங்கே உடைந்தாலும் அதே சாய்விலேயே உடையும். எழுத்தின்மேல் வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும்; உள்ளே புகும் ஒளியை அது இரண்டு கதிராகப் பிரித்துவிடுவதே காரணம். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்திருந்தபோது அவரை வியக்க வைக்க நினைத்து, அவர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையின்மேல் அதை வைத்துக் காட்டினேன். மாமி அந்நேரம் படித்துக்கொண்டிருந்தது மரண அறிவித்தல் பக்கம்.

"ஒருக்காச் செத்த மனிசனை ஏன் தம்பி இரண்டு தரம் சாகடிக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு மாமி கல்லை எடுத்து என் கையில் வைத்தார்.

அதற்கு அடுத்த நாள் அலுவலகப் பயிற்சி ஒன்றுக்காக நான் கொழும்புக்குப் போக நேர்ந்தது. பன்னிரண்டு நாட்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு பதற்றம் நிலவியது. மாமி ஐம்பது தேசிக்காயை நான்காகக் கீறி, உப்பு அடைத்து, பீங்கான் சாடியில் ஊறுகாய் போட்டிருந்தார். போட்ட அன்றிரவே சாடிக்குள்ளிருந்து யாரோ காதோடு பேசுவதுபோல ஒரு சிறிய இரைச்சல் கேட்டதாம். மறுநாள் காலையில் வாய்கட்டிய வெள்ளைத் துணிக்குக் கீழே நுரை தள்ளியிருந்ததாம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இவ்வளவு தேசிக்காயா?" என்று வியந்த பக்கத்து வீட்டு அம்மாவின் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு செய்த மாமி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சாடியை மூன்று முறை சுற்றி, நாவூறு கழித்து, அடுப்பில் போட்டிருக்கிறார். மிளகாய் நெடி வராததால் கண்ணூறு பொல்லாதது என்பதும் உறுதியாகிவிட்டது. அதன் பிறகும் சாடி ஒரு கிழமை வரை முணுமுணுத்திருக்கிறது.

ஒரு சிறு துண்டை எடுத்து நான் வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு இருந்தது; புளிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியை நக்கியதுபோன்ற ஒரு சுவை இருந்தது. அகப்பையால் கிளறியபோது அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதும், தேசிக்காய்களுக்கு மேலே பாரமாக ஏதோ ஒன்று கிடப்பதும் தெரிந்தன. அதை வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். பனிக்கட்டி கரைந்ததுபோல விளிம்புகளெல்லாம் மழுங்கி, முகமெல்லாம் பூஞ்சணம் பிடித்ததுபோல வெளுத்து, உள்ளே எதுவும் தெரியாத ஒரு கல். அதன் ஒரு மூலையில் மட்டும் சின்னஞ்சிறு மேடொன்று, கடலுக்கு மேலே கோணமலை எழுந்து நிற்பதுபோல நிமிர்ந்து நின்றது. அந்த மேட்டின் உச்சியில் வெள்ளைக் கியூட்டெக்ஸும், அதன்மேல் என் கையெழுத்தில் 27 என்ற இலக்கமும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. சுற்றியிருந்த கல்லையெல்லாம் தேசிக்காய்ப் புளி அரித்துவிட்டது. கியூட்டெக்ஸுக்குக் கீழே மட்டும் அதனால் போக முடியவில்லை.

கல்சைட் என்பது கல்சியம் காபனேற்று. அதில் சிற்றிக் அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு வாயு கிளம்பும். கல்சியம் சித்திரேற்று வெள்ளையாக அடியில் படியும். தராசில் வைத்தபோது கல் 181 கிராம் காட்டியது. கணக்காளனுக்குரிய துக்கத்தோடு கணக்குப் பார்த்தேன்: கரைந்த 31 கிராமிலிருந்து ஏழு லீற்றருக்கு மேற்பட்ட வாயு அந்தச் சாடியிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவின் கண் முற்றிலும் குற்றமற்றது.

"மாமி, அறுபத்து மூன்று கல்லுக்குள் இதை ஏன் எடுத்தீர்கள்?" என்று இயன்றவரை அமைதியாகக் கேட்டேன்.

"அலுமாரிக்குள்ள அது ஒண்டுதான் தம்பி சுத்தமாக் கிடந்தது. மற்றதெல்லாம் தெருவில கிடக்கிற கல்லு" என்றார் மாமி.

மறுக்க எனக்கு வார்த்தை இல்லை. ஆயிரக்கணக்கில் கல் சேர்த்தவர்களும் இதைவிடக் கறாரான தெரிவைச் செய்திருக்க மாட்டார்கள். சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே 1784இல் எலுமிச்சைச் சாற்றில் சுண்ணத்தைச் சேர்த்து, இதே வெள்ளைப் படிவை இறக்கித்தான் சிற்றிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார் என்ற செய்தியையும், அதன் முதற்பாதியை மாமி எங்கள் குசினியிலேயே செய்து முடித்திருக்கிறார் என்பதையும் மனைவியிடம் சொன்னேன். தன் அம்மாவைக் கேலி செய்வதாக நினைத்து அவர் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

இனி மாமி அலுமாரியைத் திறக்காமல் இருக்க வேண்டுமென்றால் அவருக்கென்று புளிக்கு அசையாத கல் ஒன்றைக் கொடுத்துவிடுவதே வழி என்று தோன்றியது. அதற்கு எங்கள் ஊரில் பஞ்சம் இல்லை. இங்குள்ள குன்றுகளில் பரவிக் கிடக்கும் குவாட்சைட் பெரும்பாலும் படிகக்கல்லால் ஆனது. அதைத் தேசிக்காய்ப் புளியில் ஒரு வருடம் போட்டாலும் ஒன்றும் ஆகாது. உப்புவெளிக் கரையில் அலை உருட்டி மழுக்கிய ஒன்றை, உள்ளங்கையில் அடங்கும் அளவு பார்த்து எடுத்து வந்து, உப்புப் போக இரண்டு நாட்கள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, பின்பு கொதிக்க வைத்து மாமியிடம் கொடுத்தேன். மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுதான் கல்லு என்றார். புதிய ஊறுகாய் முணுமுணுக்கவில்லை. நல்ல புளிப்பாகவும் வந்தது.

சென்ற மாதம் சாடியைக் கழுவும்போது அந்தக் கல்லை வெயிலில் வைத்திருந்தார்கள். பக்கத்தால் போன நான் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். பன்னிரண்டு மாதப் புளி துலக்கிவிட்ட வெள்ளைப் பரப்பில், மாதுளை முத்தின் நிறத்தில், கடுகளவான கார்னட் மணிகள் ஏழு வரிசையாக நின்றன. கையில் எடுத்த கல்லைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டைத் திறந்து இலக்கம் 64 என்று எழுதி, பெயரையும் எடுத்த இடத்தையும் நிரப்பி, கியூட்டெக்ஸ் போத்தலோடு வந்தபோது கல் மறுபடியும் சாடிக்குள் போயிருந்தது. சாடி முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று மாமி சொல்லியிருக்கிறார். ஆனால் சாடி பாதியாகக் குறையும் போதெல்லாம் புதிதாக இருபது தேசிக்காய் உள்ளே போய்விடுகிறது.