‘ஏடு’ எடுவாகாமல் இருக்க: ஒரு லோகோ வரைந்த அனுபவம்

எழுத்துகளை விதவிதமாக வரைந்து பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஆனால் ஒருவருடைய தொழிலுக்கென்று உட்கார்ந்து லோகோ செய்தது இதுதான் முதல் தடவை. அக்கா வீட்டிலேயே கையால் தைத்து நோட்டுப் புத்தகங்கள் செய்கிறாள். இத்தனை நாள் அட்டையில் எதுவும் போடாமலேயே விற்றுக்கொண்டிருந்தாள். “பின்னட்டையில் ‘ஏடு’ன்னு போடலாம்டா, அதையே லோகோ மாதிரி செஞ்சு கொடு” என்றாள். இரண்டே எழுத்து. இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆகியிருக்கிறது.

முதல் வாரம் முழுக்கப் பென்சில்தான். திறந்த புத்தகம், அதன் நடுவே ஊசி, ஊசியிலிருந்து ஓடும் நூல், நூல் முடியும் இடத்தில் ஓர் இறகு. அவற்றுக்குக் கீழே பெயர். நாற்பது படங்களுக்கு மேல் வரைந்தேன். அவற்றில் நன்றாக வந்ததை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஏற்றி, மூன்று நிறம் கொடுத்து, திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அக்காவுக்கும் பிடித்திருந்தது.

அப்புறம்தான் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: “இதை எங்கெல்லாம் போடப் போறே?” வரைவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது. அவள் சொன்ன பதிலைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பின்னட்டையில் ரப்பர் ஸ்டாம்ப், அகலம் 18 மி.மீ. பார்சல் மேல் ஒட்டும் லேபிள். அது வெப்பத்தில் அச்சாகும் வகை. கறுப்பு மட்டும்தான் வரும், சாம்பல் நிறம் கொடுத்தால் புள்ளிபுள்ளியாகப் போய்விடும். போனில் வட்டமாக வெட்டப்படும் ப்ரொஃபைல் படம். பின்னாளில் இணையதளம் வைத்தால் பிரவுசர் டேபில் வரும் 16×16 பிக்சல் சின்னம். திரை முழுக்கப் பெரிதாகத் தெரியும் இடம் என்று ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

என் படத்தை 18 மி.மீ. அகலத்தில் அச்சிட்டுப் பார்த்தேன். ஊசி தெரியவில்லை. இறகு ஒரு கறையாகத் தெரிந்தது. படங்களையெல்லாம் எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். லோகோவில் தொழிலின் பொருள் எல்லாம் தெரிய வேண்டும் என்பது தேவையில்லாத சுமை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். நோட்டின் மேல்தான் சின்னமே இருக்கிறது, அதற்குள் இன்னொரு நோட்டு எதற்கு?

மூன்றாம் வாரம் வேறு சிக்கல். வெறும் எழுத்தைச் சிறிதாக அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, “எடு... எதை எடுக்கணும்?” என்று கேட்டார். ஏகாரத்தின் வால் அந்த அளவில் காணாமல் போயிருந்தது. ‘ஏடு’, ‘எடு’ ஆகிவிட்டது. இரண்டுமே நல்ல தமிழ்ச் சொல் என்பதால், படிப்பவருக்குத் தப்பாகப் படித்தோம் என்ற சந்தேகமே வராது.

அந்த வால் அவ்வளவு பழையதும் இல்லை. முற்காலத்தில் குறில் எகரத்துக்குத்தான் மேலே புள்ளி வைப்பார்கள், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. புள்ளியை விட்டுவிட்டு நெடிலுக்குக் கீழே கோடு இழுக்கும் வழக்கத்தை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்பார்கள். இரண்டு எழுத்தையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு கோடுதான். பெரும்பாலான எழுத்துருக்களில் அது மெலிந்து, குட்டையாகவே இருக்கிறது. பத்தி பத்தியாகப் படிக்கும்போது பரவாயில்லை, முன்பின் சொற்கள் கைகொடுக்கும். தனியாக நிற்கும் இரண்டெழுத்துக்கு அந்தத் துணை இல்லை.

இந்த இடத்தில் ஆப்பிளின் சின்னம் நினைவுக்கு வந்தது. 1976இல் அவர்களுடைய முதல் லோகோ, மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருக்கும் நுணுக்கமான ஓவியம். அடுத்த வருடமே ராப் ஜானாஃப் என்ற வடிவமைப்பாளர் வரைந்த கடித்த ஆப்பிள் வந்துவிட்டது. கடித்த அடையாளம் இல்லாவிட்டால் சிறிய அளவில் செர்ரி என்று நினைத்துவிடக்கூடும், அதற்காகத்தான் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். தப்பாகப் படிக்க வாய்ப்புள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கே அழுத்தம் கொடுத்திருக்கிறார். நானும் வாலை மறைக்கப் பார்க்காமல் அதையே பெரிதாக்குவது என்று முடிவு செய்தேன்.

எப்படிப் பெரிதாக்குவது என்பதற்கு அக்காவின் மேசையிலேயே விடை இருந்தது. அவள் தைக்கும் ஒவ்வொரு நோட்டிலும் பக்க அடையாளத்துக்கு ஒரு நாடா வைப்பாள். அட்டைக்குக் கீழே இரண்டு விரற்கடை நீளத்துக்கு அது தொங்கும், நுனியைக் கோணலாக வெட்டியிருப்பாள். ஏகாரத்தின் வாலும் அதே மாதிரி எழுத்துக்குக் கீழே இறங்குகிறது. அதை நாடா அகலத்துக்குத் தடிப்பாக்கி, நுனியைக் கோணலாக வெட்டினேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான்காவது, ஐந்தாவது வாரங்கள் கோடுகளைச் சரிசெய்வதில் போயின. ‘டு’வில் நிற்கும் கோட்டுக்கும் படுத்த கோட்டுக்கும் ஒரே தடிமன் கொடுத்தால், படுத்த கோடு கண்ணுக்குப் பருமனாகத் தெரியும். அதைக் கொஞ்சம் இளைக்க வைத்த பிறகுதான் இரண்டும் சமமாகத் தெரிந்தன. வளைவுகளும் அப்படித்தான், எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டைச் சற்றே தாண்டினால்தான் மற்றவற்றோடு ஒரே மட்டத்தில் நிற்பதுபோலத் தெரியும். அளவுகோலை நம்புவதைவிடத் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது எனக்கு அதிகம் உதவியது. எழுத்தாகப் படிக்க முடியாதபோது எங்கே கனம் கூடியிருக்கிறது என்று பளிச்சென்று தெரிகிறது.

ஒரு நாள் மொத்த வேலையும் கெட்டது. லோகோவைச் சின்னதாக்கியதும் எழுத்துகள் தார் பூசினாற்போலத் தடித்துவிட்டன. அளவை மாற்றும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து மாற வேண்டும் என்ற அமைப்பை நான் அணைத்து வைத்திருந்தேன். இப்போது கோடுகளையெல்லாம் வடிவங்களாகவே மாற்றிவிட்டேன், எந்த அளவுக்குக் கொண்டுபோனாலும் விகிதம் கெடாது.

ஸ்டாம்ப் செய்பவருக்கு அனுப்பியபோது இன்னொன்று தெரிந்தது. லோகோவுக்குக் கீழே ‘கையால் தைத்த நோட்டு’ என்று ஒரு வரி சேர்த்து, அதை மட்டும் எழுத்துருவாகவே விட்டு அனுப்பியிருந்தேன். அவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பார்வைக்கு வந்த மாதிரியில் ‘நோட்டு’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், உகரக் குறி தனியாக நின்றன. தமிழில் எதை அச்சுக்குக் கொடுத்தாலும் எழுத்துகளை வடிவமாக மாற்றிவிட்டுக் கொடுங்கள், அனுப்பும் முன் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

முதல் ஸ்டாம்பில் ஏகாரத்தின் உள்வெளி, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், முழுக்க மை நிறைந்துவிட்டது. திரையில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி ரப்பரில் போதவில்லை. உள்வெளியை அகலமாக்கி, கீழ்வரியை எடுத்துவிட்டு, இரண்டாவது செய்யச் சொன்னேன். அது சுத்தமாக விழுகிறது.

நிறத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அக்கா ஆசைப்பட்ட பளீர் நீலம் திரையில் ஒளியால் வருவது. அச்சு மையில் மங்கித்தான் வந்தது. கறுப்பிலேயே எல்லாம் சரியாக நின்றபிறகு, தாளில் அச்சிட்டுப் பார்த்து ஒரு கருநீலத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

நேற்று பன்னிரண்டு நோட்டில் ஸ்டாம்ப் வைத்தாள். பன்னிரண்டையும் வரிசையாக அடுக்கி அம்மாவைக் கூப்பிட்டோம். கண்ணாடி இல்லாமலேயே “ஏடு” என்று படித்தார். இனி பாக்கி இருப்பது 16 பிக்சல் சின்னம். அதில் ‘டு’வுக்கு இடமில்லை, ஏகாரம் மட்டும்தான். வாலுக்கு இரண்டு பிக்சல் தடிமன் கொடுத்துவிட்டேன். கோணல் வெட்டு மட்டும் இன்னும் படிக்கட்டு மாதிரி தெரிகிறது.